மச்சான் கொடுத்த மெஷின்

எங்கள் வீட்டுச் சலவை மெஷின்மேல் எனக்கு இருபத்தெட்டு வருடமாகப் பொறாமை. சரியாகச் சொன்னால் மெஷின்மேல் இல்லை, அதைப் பழுது பார்க்க வரும் மச்சான்மேல். என் மனைவியின் அண்ணன் அவர். கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோரில் மகன் வீட்டில் இருக்கிறார். பிறையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பராமரிக்கும் டெக்னீஷனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்த சீர்வரிசையில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இந்த மெஷினும் இருந்தது.

பழைய இரட்டைத் தொட்டி மெஷின். இடது பக்கத் தொட்டி துவைக்கும். துணியைக் கையால் எடுத்து வலது பக்கத் தொட்டியில் போட்டு மூடினால் சுற்றிப் பிழிந்து கொடுக்கும். என் ஆபீசில் உள்ளவர்கள் எல்லாம் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு டிவி பார்க்கப் போகிறார்கள். எங்கள் ஃப்ளாட்டின் பின்பக்க பால்கனியில் மட்டும் இந்தக் கிழம் ஆடிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கலாமா என்று நான் வாயைத் திறந்தால் போதும், "இது எங்கண்ணன் குடுத்ததுங்க" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மெஷின் நின்றால் அவள் என்னைக் கூப்பிடமாட்டாள். அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் சமையலறையில் நான் ஒரு பலகை அடித்தேன். மூன்றாம் நாள் அது மிளகாய்த்தூள் டப்பாவோடு கீழே வந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் சுத்தியல் எங்கே இருக்கிறது என்றுகூட என்னிடம் யாரும் சொல்வதில்லை. அண்ணனுக்குத்தான் போன் போகும். அவர் ஃபெரியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

அவர் வரும் நாளில் அவள் குரலே மாறிவிடும். என்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை அவரிடம் பத்து நிமிடத்தில் பேசிவிடுவாள். பால்கனியில் அவர் மெஷினின் முதுகைத் திறந்துவைத்து வேலை பார்க்க, இவள் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். சிரிப்புச் சத்தம் கீழ்வீடு வரை போகும். நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு ஹாலில் உட்கார முடியாது. பத்திரிகை வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் உட்கார்ந்து, அவர் போயிருப்பார் என்று தோன்றும்வரை தேநீர் குடிப்பேன்.

அவளுக்குப் பதினொரு வயதிருக்கும்போது அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். வளர்த்தது அண்ணன்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது, என்ன செய்ய.

இந்த வருடம் மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை காலை, பிழியும் தொட்டி நின்றுவிட்டது. பிழியாத துணி மழைநாளில் என்றைக்குக் காயும்? நான் கோப்பி குடித்து முடிப்பதற்குள் அவள் போனில் பேசிவிட்டு வந்தாள்.

"அண்ணே நாளைக்கு வராரு."

"மச்சானுக்கு அறுபத்தெட்டு வயசு. முட்டி வலின்னு சொல்றாரு. அவர ஏன் அலைய விடற? நான் பாக்கறேன்."

"நீங்களா?"

அந்த ஒரு வார்த்தை போதும். அவள் பையை எடுத்துக்கொண்டு பாசாருக்குப் போனதும் நான் வேலையில் இறங்கினேன்.

முதலில் யோசித்தேன். துவைக்கும் பக்கம் ஓடுகிறது, ஆகவே மின்சாரம் வருகிறது. பிழியும் பக்கத்து டைமரைத் திருகினால் டிக் டிக் என்று ஓடித் திரும்புகிறது. ஆனால் தொட்டியில் முனகல்கூட இல்லை. மோட்டார் போய்விட்டது என்று முடிவு செய்தேன். போனில் தேடி எடுத்த வீடியோவில் ஒரு மலாய்க்கார அக்கா, திறப்பதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். பிறகு மெஷினைத் திருப்பி, பின்பலகையின் எட்டு ஸ்க்ரூக்களையும் எடுத்தேன். இருபத்தெட்டு வருடத்தில் அதன் உள்ளே நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பலகையைச் சுவரில் சாய்த்தபோது அதன் உட்பக்கத்தில் எழுத்துகள் தெரிந்தன. கறுப்பு மார்க்கர் பேனாவால், கோடு போட்டு, வரிசையாக. தொழிற்சாலைகளில் ஒவ்வொரு மெஷினிலும் ஓர் அட்டை தொங்கும். என்றைக்கு நின்றது, என்ன செய்தார்கள், யார் கூப்பிட்டார்கள் என்று வேலை பார்த்தவர் எழுதவேண்டும். மச்சான் அந்தப் பழக்கத்தை என் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். "பெல்ட் மாற்றினேன். கூப்பிட்டது: பாப்பா." பாப்பா என்பது என் மனைவி. ஐம்பத்து நான்கு வயதுப் பாப்பா. "தண்ணீர்க் குழாய் அடைப்பு எடுத்தேன். கூப்பிட்டது: பாப்பா." எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. அதற்கும் எரிச்சல்பட்டேன்.

அடுத்த வரி, "பழுது இல்லை. கூப்பிட்டது: பாப்பா."

அதற்கடுத்ததும் அதே. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினேன். முப்பத்தொரு வரிகள். அதில் பத்தொன்பது, பழுது இல்லை.

காதில் புகை வராத குறைதான். நல்ல மெஷினைக் கெட்டுப்போனது என்று சொல்லி அவள் கூப்பிட்டிருக்கிறாள். நல்ல மெஷின் என்று தெரிந்தும் அவர் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் ஒருவன் கடையில் வயிறு முட்டத் தேநீர் குடித்திருக்கிறேன். என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால், இத்தனை வருடமாக! ஒவ்வொரு வரியிலும் மாதமும் வருடமும் எழுதியிருந்தார். எங்கள் மகள் கோலாலம்பூருக்குப் படிக்கப் போன மாதத்தில் மட்டும் மூன்று வரிகள். அந்த மாதம் என் மனைவிக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதாக ஞாபகம் இல்லை. மச்சானும் கேட்டிருக்கமாட்டார், கேட்கத் தெரிந்த மனிதர் இல்லை அவர். ஆனால் மூன்று தடவை வந்திருக்கிறார்.

பிளக்கை மறுபடி சொருகி, டைமரைத் திருகி, வந்த ஆத்திரத்தில் பிழியும் தொட்டியின் மூடியை ஓங்கி அறைந்தேன். தொட்டி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

மோட்டார் போகவில்லை! இன்னொரு அறை, இன்னொரு அரைச் சுற்று. மூடியடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. மூடி சரியாக மூடினால்தான் அது மின்சாரத்தை விடும், கை மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு. பிளக்கைக் கழற்றி மேல்பலகையைத் தூக்கிப் பார்த்தால், ஸ்விட்சின் இரண்டு பித்தளைத் தகடுகளும் கரி பிடித்து ஒன்றையொன்று தொடாமல் நின்றன. மணல் தாளால் தேய்த்தேன். மேல் தகட்டைக் கொஞ்சம் கீழே வளைத்தேன். எல்லாவற்றையும் பொருத்தி ஓட்டியபோது தொட்டி பழையபடி ஹோவென்று சுற்றியது. பால்கனியில் தனியாக நின்று கை தட்டினேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பின்பலகையை மூடுவதற்கு முன், ஹாலிலிருந்து ஒரு மார்க்கரைத் தேடி எடுத்துவந்து, அவர் எழுத்துக்குக் கீழே அவரைவிடப் பெரிதாக எழுதினேன். "மூடி ஸ்விட்ச் சுத்தம் செய்து சரியாக்கப்பட்டது. கூப்பிட்டது: யாரும் இல்லை."

அவள் திரும்பி வந்ததும் ஓட்டிக் காட்டினேன். பையைக் கீழே வைக்காமலே பார்த்தாள்.

"ஓ. ஓடுதா."

"மச்சான் வர வேணாம்னு சொல்லிரு."

"சரிங்க" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. பையிலிருந்து நண்டுகளை எடுத்துக் கழுவினாள். டப்பாவில் போட்டு ஃப்ரீஸரின் அடித்தட்டில் வைத்தாள். எனக்கு நண்டு ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அது யாருக்காக வாங்கியது என்று கேட்கவேண்டியதே இல்லை.

பிறகு போனை எடுத்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். "அண்ணே, வர வேணாம். அவரே செஞ்சிட்டாரு... ஆமா, ஓடுதுலா... முட்டி எப்படி இருக்கு?... சரிண்ணே." அவ்வளவுதான். அதற்குமேல் இருவருக்கும் பேசத் தெரியவில்லை. பால்கனியில் இரண்டு மணிநேரம் பேசுகிறவர்கள், நடுவில் மெஷின் இல்லையென்றால் ஊமையாகிவிடுகிறார்கள். தீபாவளிக்கு அவர் வந்தாலும் வாசலில் நின்று பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்து, அரைக் கோப்பை கோப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். வேலை இல்லாமல் தங்கை வீட்டில் உட்காரக் கூச்சம் அவருக்கு. வாங்கண்ணே, பார்க்கணும்போல இருக்கு என்று சொல்ல இவளுக்கும் வாய் வராது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபத்தெட்டு வருடம் பிடித்தது. நான் ஜெயித்துவிட்டேன், இனி அவர் வரமாட்டார். அவள் ஃப்ரீஸர் கதவைச் சாத்திவிட்டுப் போய் ஈரத்துணியைக் காயப்போட ஆரம்பித்தாள்.

அந்த வாரம் அவள் என்மேல் கோபப்படவில்லை. நன்றாகத்தான் சமைத்தாள், நன்றாகத்தான் பேசினாள். ஆனால் துணி துவைக்கும்போது அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தொட்டி சுற்றி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை ஆபீசிலிருந்து மச்சானுக்குப் போன் செய்தேன். என் வாழ்க்கையில் அவரை நானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"மச்சான், மெஷின் மறுபடி படுத்துருச்சு."

"சத்தம் ஏதும் வருதா மாப்பிள்ளை?"

பொய்யை அவ்வளவு தூரம் நான் யோசித்து வைக்கவில்லை. "சத்தமா... சில நேரம் வருது, சில நேரம் வரல."

"ஞாயித்துக்கெழம வரேன்" என்றார்.

சாயங்காலம் மனைவியிடமும் சொன்னேன், மெஷின் சரியில்லை, மச்சானை வரச் சொல்லியிருக்கிறேன் என்று. அன்று காலையில்தான் அவள் இரண்டு தடவை துணி பிழிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். போய் ஓட்டிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் நண்டு டப்பாவை ஃப்ரீஸரிலிருந்து எடுத்து, பனி இளக ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள்.

மச்சான் வந்து எட்டு ஸ்க்ரூக்களையும் கழற்றி, பலகையைச் சுவரில் சாய்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதிய வரி அதில் இருக்கிறது! அதைவிடப் பெரிய எழுத்து அந்தப் பலகையிலேயே கிடையாது. என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அதைப் படித்தார். மூடியைத் திறந்து மூடினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பழைய மெஷின்லா பாப்பா. கொஞ்ச நேரம் ஆவும்."

"ஆவட்டும்ணே" என்று அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

நான் அன்றைக்குப் பத்திரிகை வாங்கப் போகவில்லை. ஹாலில் உட்கார்ந்து, அவள் சிரித்ததையெல்லாம் கேட்டேன். மருமகள் கதை, முட்டி கதை, சின்ன வயதில் எதையோ திருடித் தின்ற கதை. ஒவ்வொரு சிரிப்புக்கும் வயிறு எரிந்தது. இரண்டே கால் மணிநேரம். நண்டுக் குழம்பு வாசம் வேறு.

அவர் கிளம்பியதும் இவள் கீழே வழியனுப்பப் போனாள். நான் ஸ்க்ரூ டிரைவரோடு பால்கனிக்கு ஓடினேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. என் பெரிய எழுத்துக்குக் கீழே, அந்த அச்சு எழுத்தில், ஒரு புதிய வரி இருந்தது.

"பழுது இல்லை. கூப்பிட்டது: மாப்பிள்ளை."

அவள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவசர அவசரமாகப் பலகையை மூடினேன். எட்டு ஸ்க்ரூவில் ஒன்று எங்கோ உருண்டுவிட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. அடுத்த தடவை வரும்போது மச்சான் ஒன்று கொண்டுவந்து போடுவார்.