அம்மா வைத்த இங்கிலீஷ் பெரட்டு

அம்மாவின் கைகளில் முன்பெல்லாம் ரப்பர் பால் புளித்த வாடை அடிக்கும். முதலாளி தோட்டத்தை விற்று, மரங்களையும் சாய்த்துவிட, நாங்கள் சட்டிபானையோடு ஈப்போ நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகு அதே கைகளில் ஹோட்டல் சோப்பு மணத்தது. அப்பா லோரி ஓட்டப் போனால் திரும்பி வர நாளாகும். அம்மா ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையில், பெரும்பாலும் மாலை ஷிப்டில் இருந்தார். இருட்டிய பிறகும் நானும் தம்பியும் பூட்டிய கதவுக்குள் அவருக்காகக் காத்திருப்போம். எனக்குப் பயமாக இருக்கும், தம்பிக்கு முன்னால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

அந்த ஹோட்டலில் அறைகளைச் சரிபார்க்க ஒரு சூப்பர்வைசர் தேவைப்பட்டார். அது கிடைத்தால் பகல் ஷிப்ட் மட்டும்தான். ஆனால் அறையில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று கீழே கவுண்டருக்குப் போனில் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அம்மாவுக்கோ ஒருமை பன்மையில்தான் தகராறு. தமிழில் "ரெண்டு துண்டு" என்றால் வேலை முடிந்தது. இங்கிலீஷில் பெயருக்கு "ஸ்" என்று வால் முளைத்தால் கூடவே "இஸ்" போய் "ஆர்" வந்து நிற்க வேண்டும்.

தோட்டத்தில் விடியுமுன் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி, கங்காணி பேர் கூப்பிடுவதற்குப் "பெரட்டு" என்று பெயர். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாங்கள் பள்ளிக்குக் கிளம்புமுன் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் பெரட்டு நடக்கும்.

"ஒன் சட்டி இஸ் ஹியர்! டூ செருப்ஸ் ஆர் ஹியர்!"

தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும். நாங்கள் திருத்தத் திருத்த எல்லாம் வழிக்கு வந்தது, ஹோட்டல் மேனேஜரைத் தவிர. "மேனேஜர் ஆர் கம்மிங்" என்றே சொல்வார்.

"ஒரு ஆளுதானேம்மா, 'இஸ்' போடுங்க" என்பேன்.

"பெரியவங்கள அப்படி ஒத்தையா சொல்லக்கூடாது லா. மரியாத வேணாமா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான்.

தேர்வு நாளில் சீனப் பெண்மணியான அந்த மேனேஜர் அம்மாவை ஓர் அறைக்குக் கூட்டிப்போய், என்னென்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னாராம். அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, கங்காணி நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உரத்த குரலில் பெரட்டைத் தொடங்கிவிட்டார். "டூ பில்லோஸ் ஆர் ஹியர்! ஒன் லேம்ப் இஸ் ஹியர்! கப்ஸ் ஆர் நோட் ஹியர்!" கடைசியில் எதிரே நின்றவரையும் விடவில்லை. "மேனேஜர் ஆர் ஹியர்!"

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எடுத்து வைக்காத கோப்பைகளுக்கு ஆள் அனுப்பினாராம். வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. தோட்டத்தில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்லும் வரிசையிலேயே நின்றவர், அன்றுமுதல் கூப்பிடும் இடத்தில் நின்றார். பொழுது சாயும்போது எங்கள் வீட்டுக் கதவும் திறந்தே இருந்தது.

இன்று அந்தத் தோட்டமும் இல்லை, நாங்கள் குடியிருந்த லயமும் இல்லை. பெரட்டு நடந்த இடத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியிருக்கிறார்கள். தம்பி காம்பார் என்ற ஊரில் இருக்கிறான். நான் பாகான் செராயில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா மட்டும் ஈப்போவை விட்டு வரமாட்டேன் என்கிறார். ஆனாலும் விடிந்ததும் எங்கள் இருவரையும் ஒரே அழைப்பில் இணைத்துப் போன் அடிக்கத் தவறுவதில்லை.

"சில்ட்ரன் ஆர் ஹியர்?"

"ஹியர்!" என்று தம்பி முந்திக்கொள்வான். பிள்ளைகளின் தவறுகளைச் சிவப்பு மையால் சுழிக்கும் நான், என் பங்குக்குக் கேட்பேன். "அம்மா ஆர் ஹியர்?"

"ஹியர் லா!" என்ற அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் நான் பள்ளிக்குக் கிளம்புவேன்.