வீட்டில் சோறு இருந்த பிள்ளை

எங்கள் வீட்டில் நான் பசித்து வளர்ந்தவள், தம்பி தின்று வளர்ந்தவன். இருவருக்கும் ஐந்து வயது வித்தியாசம். அதற்குள் வீட்டின் தலையெழுத்து மாறிவிட்டது. இன்றைக்கு நான் தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அவன் அறுவடை மிஷின் ஓட்டுகிறான். ஊரில் எங்களைத் தெரிந்தவர்கள், அக்காவுக்குப் படிப்பு ஏறியது, தம்பிக்கு ஏறவில்லை என்று ஒரே வாயில் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் மக்கு இல்லை. அவனுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அது தெரியவே எனக்கு முப்பது வயது ஆனது.

பூதலூரில் இறங்கி வேறு பஸ் பிடித்து உள்ளே போக வேண்டிய ஊர் எங்களுடையது. நான் குழந்தையாக இருந்தபோது அப்பா குத்தகைக்கு நிலம் பார்த்தார். ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருஷங்கள். வந்த கொஞ்சமும் மேலே இருக்கிற வயல்களோடு தீர்ந்துவிடும், எங்கள் வாய்க்காலில் ஆடுதான் மேயும். போர்வெல் வைத்திருந்த பண்ணைகளில் நடவு நடக்கும்போது அம்மா அங்கே கூலிக்குப் போவாள். போகிற வழியில் என்னைப் பால்வாடியில் விட்டுவிட்டுப் போவாள். எதற்காக என்பதில் யாருக்கும் ஒளிவுமறைவு கிடையாது. மதியம் அங்கே சோறு போடுவார்கள். பால்வாடி என்றால் எங்கள் ஊரில் அவ்வளவுதான் அர்த்தம்.

ஒரே ஒரு அறை. சுவரில் கிளி, மாம்பழம், யானை. கிளிக்கு மூக்கு உதிர்ந்திருக்கும். சோற்றுக்கு முன்னால் அடிபம்பில் கை கழுவ வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்கிற பிள்ளையைத் தள்ளினால் கடைசிக்குப் போக வேண்டும், பசியோடு. நான் பலமுறை கடைசிக்குப் போயிருக்கிறேன். டீச்சர் புளியங்கொட்டையையும் காக்கட்டான் கொடியின் விதையையும் ஒன்றாகக் கொட்டிப் பிரிக்கச் சொல்வார். பிரித்ததைக் கலைத்துவிட்டு, இப்போது பெரியது சிறியது பார்த்துப் பிரி என்பார். அதெல்லாம் எங்களுக்கு விளையாட்டு. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு, சோறு வேகும்வரை பிள்ளைகளைச் சமாளிக்கிற வித்தை.

தினமும் காலையில் டீச்சர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார். "வர்ற வழியில என்ன பாத்தே?" நேற்றுச் சொன்னதை இன்றைக்குச் சொல்லக் கூடாது. முன்னால் ஒருவர் சொன்னதையும் சொல்லக் கூடாது. இதற்காகவே நாங்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வருவோம். கொக்கு, செத்த ஓணான், பஞ்சர் ஆன டிராக்டர், யார் வீட்டிலோ கொடியில் காய்கிற மஞ்சள் துணி. ஒரு நாள் எனக்கு எதுவும் அகப்படவில்லை. எங்க அம்மா அழுததைப் பாத்தேன் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் சிரிக்கவும் இல்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. சத்தம் போட்டு அழுதாங்களா, சத்தம் இல்லாமலா என்று கேட்டார். சத்தம் இல்லாமல் என்றேன். "அதுக்கு விசும்புறதுன்னு பேரு," என்றார். வீட்டில் நடக்கிற ஒரு விஷயத்துக்கு ஒரு பேர் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு என்னவோ பயம் குறைந்தது. இன்றைக்கும் அந்த நிம்மதி ஞாபகம் இருக்கிறது.

தம்பி பிறந்த மறு வருஷம் அப்பா சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். அம்மா நடவுக்குப் போவது நின்றது. கூரை போய் மெத்தை வீடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அம்மா பட்டுப் புடவை கட்டத் தொடங்கினாள். யாரும் பொறாமைப்பட வேண்டாம். அப்பா அங்கே பன்னிரண்டு பேரோடு ஒரு தகரக் கொட்டகையில் படுத்துச் சம்பாதித்தது அது.

தம்பி நடந்து திரியும் வயது வந்ததும் டீச்சரே வீட்டுக்கு வந்தார். பிள்ளையை அனுப்புங்கள் என்றார். அம்மா அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினாள். "எங்க வீட்டுல இப்ப சோத்துக்குக் குறைவில்லைங்க டீச்சர். இல்லாதப்பட்ட பிள்ளைங்க சாப்பிடட்டும்." டீச்சர், சோறு கிடக்கட்டும், பிள்ளை வரட்டும் என்றார். அம்மாவுக்கு அது புரியவில்லை. சோறு இல்லாமல் பால்வாடி எதற்கு? அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று இதை ஒரு தர்மம் செய்த மாதிரி நாலு பேரிடம் சொன்னாள். நம் பங்கை ஏழைக்கு விட்டுக் கொடுத்தோம் என்பது அவள் கணக்கு. கேட்ட பெண்களும் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் மறு வாரமே தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள்.

இங்கிலீஷ் பள்ளி வேன் அப்போது எங்கள் ஊருக்குள் வராது. ஆகவே தம்பி வீட்டிலேயே இருந்தான். டிவி இருந்தது, டின் பிஸ்கட் இருந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு மண்ணில் விளையாட அம்மா விடமாட்டாள். அவனும் விட்ட இடத்தில் இருப்பான். வருகிறவர்கள் எல்லாம் என்ன அடக்கமான பிள்ளை என்று மெச்சுவார்கள். அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்கும் முன்னாலேயே எல்லாம் கைக்கு வந்துவிடும்.

பிறகு ஒன்றாம் வகுப்பு. கூலிக்காரத் தெருப் பிள்ளைகள், அம்மா யாருக்குச் சோற்றை விட்டுக் கொடுத்தாளோ அந்தப் பிள்ளைகள், கூட்டமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். பேர் கேட்டால் எழுந்து சொல்லும். தம்பிக்குப் பேரைக்கூட உரக்கச் சொல்ல வரவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் டவுசரை நனைத்தான். முதல் வாரமே அவனுக்கு மக்கு என்று பேர் விழுந்தது. வைத்தவர் வாத்தியார்தான். அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அந்தப் பேர் அவனுக்குச் சட்டையை விடப் பொருத்தமாக ஒட்டிக்கொண்டது. ஞானோபதேச வகுப்பில் மந்திரங்களைக் கோவையாகச் சொல்ல வராமல், முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மையைச் சாமியார் அவனுக்கு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தார். அம்மா தைத்து வைத்த வெள்ளைச் சட்டை அதற்குள் சின்னதாகிவிட்டது. ஒன்பதாவதில் பெயிலானான், அதோடு சரி. அப்பா அவனைத் தன்னோடு கூட்டிப் போகப் பார்த்தார். அதற்கும் ஒரு பரீட்சை இருந்தது.

இப்போது சம்பா அறுப்புக்கு இங்கே, மற்ற மாதங்களில் ஆந்திராப் பக்கம் என்று மிஷினோடு போய்க்கொண்டிருக்கிறான். உழைப்பாளி. குடிக்கிறான். கோபம் வந்தால் தட்டு பறக்கும். சொல்ல வேண்டியது அவனுக்கு வாய்க்கு வராது, கைக்கு வந்துவிடும். அவன் பெண்டாட்டி இரண்டு தடவை பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பினாள்.

எல்லாவற்றுக்கும் பால்வாடிதான் காரணம் என்று சாதிக்க நான் வரவில்லை. பால்வாடிக்குப் போய்க் குடிகாரர்களான பேர்களும் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் என் பையனைத் தஞ்சாவூரில் ஒரு ப்ளே ஸ்கூலில் சேர்க்கப் போனேன். அங்கே இருந்த அம்மையார் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். பிள்ளைகள் வரிசையில் நின்று கை கழுவின. கலர் மணிகளைக் கொட்டிப் பிரித்தன. பிறகு வட்டமாக உட்கார்ந்து, இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று ஒவ்வொருவராகச் சொல்லின. இந்த வயதில் போடுகிற அஸ்திவாரம் கடைசிவரை நிற்கும் என்றார் அவர். புளியங்கொட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் மணி, வேறு வித்தியாசம் இல்லை. டீச்சர் ஒவ்வொரு நாளும் எனக்கு என்ன போட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தம்பிக்கு என்ன கிடைக்காமல் போனது என்பதும்தான்.

அவனுடைய மகளுக்கு இப்போது இரண்டரை வயது. அழகான குழந்தை. நாலு வார்த்தைதான் பேசும், அதில் ஒன்று போன். காது கேட்கவில்லையோ என்று பயந்து அவள் அம்மா தஞ்சாவூருக்குத் தூக்கி வந்தாள், நானும் கூடப் போனேன். காதில் குறை ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். போனைப் பிடுங்குங்கள், பேச்சுக் கொடுங்கள், நாலு பிள்ளைகளோடு விடுங்கள், இப்போதே செய்யுங்கள், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள் என்றார். மூன்று மாதம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

போன மாதம் அப்பாவின் நினைவுப் பூசைக்கு ஊருக்குப் போனேன். தம்பியும் வந்திருந்தான். கூடத்தில் குழந்தை போனோடு உட்கார்ந்திருந்தது, விட்ட இடத்தில். வந்த சொந்தக்காரர்கள் என்ன அடக்கமான பிள்ளை என்று மெச்சினார்கள். மதியம் எல்லோரும் போன பிறகு, நாங்கள் மட்டும் சாப்பிட உட்கார்ந்தபோது, தம்பியிடம், நாளைக்குக் குழந்தையைப் பால்வாடியில் விடு என்றேன்.

"எம் பொண்ணு என்ன சோத்துக்கு அலையுதாக்கா?" என்றான்.

அதே சோறு. இருபத்தைந்து வருஷமாக அந்தச் சோற்றைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு எதுவும் தெரியவில்லை. நான் பொறுமையாக ஆரம்பித்தேன், அது எனக்கு வழக்கம் இல்லை. வரிசையில் நின்றதைச் சொன்னேன். கொட்டை பிரித்ததைச் சொன்னேன். டீச்சர் தினமும் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அம்மா அழுததைச் சொன்னதையும் சொன்னேன். நான் படித்தது காலேஜில் இல்லை, மூக்கு உதிர்ந்த அந்தக் கிளிக்கு அடியில்தான் என்றேன். அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தான். இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. தெரிய வழியே இல்லை.

கடைசியில் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தான். தட்டு பறக்கப் போகிறது என்று அவன் பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவன் தட்டைத் தொடவில்லை. குரலும் உயரவில்லை.

"அக்காவ மட்டும் அனுப்புனியே, என்னைய ஏம்மா அனுப்பல?"

அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"உனக்குத்தான் வீட்டுல சோறு இருந்துச்சேப்பா," என்றாள்.

பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சத்தமே வரவில்லை. அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியும். தம்பி எழுந்துபோய்க் கதவருகில் நின்று அவளைப் பார்த்தான். என்ன சொல்வது என்று அவனுக்கு வரவில்லை.

மறுநாள் காலை அவனே குழந்தைக்குத் தலை வாரிவிட்டான். கோணல் வகிடு. புதுக் கவுன் போட்டு, பைக்கில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனான். அம்மா வாசலில் நின்று சிலுவை போட்டாள். எனக்கு ஒரு கணம், பரவாயில்லை, காலம் போய்விடவில்லை என்றுகூடத் தோன்றியது.

வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தார்கள். பால்வாடி பூட்டிக் கிடந்ததாம். திறப்பார்கள் என்று வாசலிலேயே காத்திருந்திருக்கிறான். கடைசியில் எதிர்வீட்டுக்காரர் விவரம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வருகிற பிள்ளைகள் குறைந்துபோனதால் எங்கள் ஊர்ப் பால்வாடியை வேறு ஊரோடு சேர்த்துவிட்டார்கள், அந்தப் பக்கமே போகாத எங்கள் வீட்டுக்கு அது தெரியவில்லை. வாய்க்கால் தாண்டிப் போக வேண்டும், பஸ் கிடையாது, தம்பி ஆந்திரா போய்விட்டால் கூட்டிப்போக ஆளும் கிடையாது. பிள்ளைகள் ஏன் குறைந்தன என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இப்போது யார் வீட்டிலும் சோற்றுக்குக் குறைவில்லை.

குழந்தை வியர்த்துப்போய் அவன் தோளில் கிடந்தது. நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வர்ற வழியில என்ன பாத்தே என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அது என் உதட்டையே பார்த்தது. தம்பி எங்கள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"பூட்டைப் பாத்தோம்னு சொல்லும்மா," என்றான். "பூட்டு."

குழந்தை கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தது.

"பூட்டு," என்றது. அதன் ஐந்தாவது வார்த்தை.