பால்மாப் பேணி

புத்தூர்ச் சந்தித் தேநீர்க்கடையில் பஸ் நிற்கிறது. முப்பது வருடம் கழித்து நோர்வேயிலிருந்து வந்திருக்கும் நான், கடைக்காரப் பெண்ணிடம் கக்கூஸ் எங்கே என்று கேட்கிறேன்.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை!”

கக்கூஸுக்குள் ஓடியவள் அங்கிருந்த வாளியோடும் வெற்றுப் பால்மாப் பேணியோடும் வெளியே வருகிறாள். விளிம்பு துருப்பிடித்த இதே மாதிரித் தகரப் பேணியால் தண்ணீர் அள்ளித்தான் நானும் கழுவி வளர்ந்தேன்.

“ஏன் பிள்ளை உதுகளை எடுக்கிறீர்?”

“வெளிநாட்டாக்களுக்கு உது சரிவராது. பேப்பர் வைச்சிருக்கிறன்.”

ஒஸ்லோ வீட்டுக்கு வெள்ளைக்கார நண்பர்கள் வரும்போதெல்லாம், கக்கூஸில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலை இப்படித்தான் அவசர அவசரமாக அலுமாரிக்குள் ஒளித்துவைப்பேன்.

“எனக்கு அதுதான் வேணும், தாரும்” என்று பேணிக்குக் கையை நீட்டுகிறேன்.

அவள் கூச்சத்தோடு அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறாள்.