பிளான்டேஷனுக்கு ஒரு ஜோடிச் சொல்

தோழியரே, இன்று எங்கள் பெக்கோக் எஸ்டேட்டில் துரைக்குப் பிரிவுபசாரம். கிராணியான, அதாவது எஸ்டேட் குமாஸ்தாவான என் வீட்டுக்காரர் சபையில் இங்கிலீஷ் பாட்டு வாசிக்க வேண்டியிருந்தது. முதல் அடி ‘பிளான்டேஷன்’ என்று முடிகிறது. அதற்கு ஜோடி கிடைக்காமல் காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டுக்கு எதுகை தேடுவதுபோல, அகராதியில் ‘பிளா’ என்று தொடங்கும் சொற்களாகப் பொறுக்கி வைத்திருந்தார்.

“அவங்க பாட்டு முடிவுலதாங்க பொருந்தணும். பிள்ளையோட பாடப் புத்தகத்துல பார்த்தேன்.”

“அகராதியில கடைசி எழுத்தை எப்படித் தேடுறது? நீயே கண்டுபிடி.”

முருகனை வேண்டிக்கொண்டு குழாயடிக்குப் போய்ப் பெண்களிடம் கேட்டேன்.

“ரயில் நிக்கிற ஸ்டேஷன் ஆகுமா, கிராணியம்மா?”

“அம்மை குத்துனாங்களே, வாக்சினேஷன். தழும்பு பாக்குறீங்களா?”

“கோயிலுக்குத் துரை தராத டொனேஷனையும் சேருங்க.”

மூன்றையும் சேர்த்து என் வீட்டுக்காரர் சபையில் வாசித்தார். ‘டொனேஷன்’ வந்ததும் துரையே சிரித்துக்கொண்டு சட்டைப்பையில் கை விட்டார். குழாயடிப் பெண்களின் கைதட்டல் ரயிலடிவரை கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் புதுத் துரை வருகிறார். வரவேற்புப் பாட்டில் ‘மானேஜர்’ என்பதற்கு ஜோடி வேண்டுமாம். எனக்குத் தோன்றியது ‘டேஞ்சர்’ ஒன்றுதான். வேறு தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள்.