பேனாக் கோட்டுக்கு மேலே

பிழைக்க வந்த புதிதில் ஐசலின் ஊர் ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். டெக்சாஸில் மோட்டல் அறைகளைக் கூட்டினேன். எங்கும் கால் தரிக்கவில்லை. எட்டாவதோடு நின்ற என் படிப்புக்குக் கடைசியில் கிடைத்தது வேன் ஓட்டும் வேலை. சான் ஹோசேயில் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்திய கிளினிக்கின் வேன் அது. சலவைக் கடைக்குப் பின்னால் இரண்டே அறைகள். நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்கள்தான்.

சனிக்கிழமைகளில் சான் ரமோனிலிருந்து ஒரு தமிழ் டாக்டரம்மா சம்பளமில்லாமல் வருவார். அன்று நான் கூட்டிவந்த கிழவருக்குச் சர்க்கரை வியாதி. ஷூவைக் கழற்றியதும் அறை நாறியது. கணுக்காலுக்கு மேல் சிவப்பு எங்கே முடிகிறதோ, அங்கே டாக்டர் பேனாவால் கோடு போட்டார்.

"இந்தச் சிவப்பு கோட்டைத் தாண்டி ஏறுச்சுன்னா, காலே போயிடலாம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"என் தம்பி அங்க போனான். திரும்பி வரல," என்றார் கிழவர். பிறகு வாயைத் திறக்கவில்லை.

வரவேற்பு மேசைப் பெண்தான் குழுவின் தலைவியும். அவள் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காத்திருந்த நோயாளிகளும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். போ என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என்னை வெளியே அழைத்தார்.

"என்னண்ணா இது, டீ பார்ட்டியா? யாராவது கன்வின்ஸ் பண்ணக் கூடாதா?"

"இவங்க அப்படித்தான் மேடம். அவரா வாயத் திறக்கணும்."

"திறக்கறதுக்குள்ள கால் இருக்காது!"

உள்ளே வந்தோம். சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. கிழவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போனா என்கூட யார் வருவா?"

"வேற யாரு அங்கிள், நாங்கதான்," என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "உங்க பழைய பொண்டாட்டிங்களக் கூப்பிட்டா, அவங்களே உங்களக் கொன்னுடுவாங்க."

கிழவர் சிரித்துவிட்டு எழுந்தார்.

அவள் கிளினிக்கைப் பூட்டினாள். எல்லோரும் வேனில் ஏறினார்கள். ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத்தான் அனுமதி என்றார்கள். "இவங்க எல்லாரும் ஃபேமிலி," என்று டாக்டர் சண்டை போட்டார்.

இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கால் பிழைத்தது.

கிளினிக் பிறகு பெரிய கட்டடத்துக்கு மாறியது. இன்னும் ஓர் ஆளுக்குச் சம்பளம் தர முடிந்தபோது, இன்னொரு டாக்டரைக் கேட்டார் எங்கள் டாக்டர். குழு வட்டமாக உட்கார்ந்து, கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை பேசியது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு கூடவே இருக்க ஓர் ஆள்தான் முதலில் வேண்டும் என்று முடிவானது.

வேலை கிழவருக்குக் கிடைத்தது. மறுநாள் காலை கைத்தடியோடு வேனின் முன்சீட்டில் ஏறி, "எடு வண்டிய, அங்க ஒருத்தி பயந்துபோய் உக்காந்திருப்பா," என்றார்.