பழனிசாமியும் ஆணியில் தொங்கிய மழைக்கோட்டும்

பழனிசாமி இப்படித்தான் போவார் என்று நான் முன்பே சொன்னேன். அந்தக் கேமரா விலைபோகாது என்றேன், போகவில்லை. கடை இளைக்கும் என்றேன், இளைத்தது. ஏற்காட்டில் என் பேச்சை எவன் கேட்டான்? மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மஞ்சக்குட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவர் மனைவி சரோஜாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அவரு பேச மாட்டேங்குறாருங்க." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது அந்தப் பிள்ளையால்.

ஏரிச் சாலையில் வீடியோ கேம் கடை வைத்திருந்த பழனிசாமியை உங்களுக்கெல்லாம் தெரியும். டிவிக்குக் கீழே அவர் வைத்திருந்த நீளமான கறுப்புக் கேமராவையும் தெரியும். கேம் பெட்டியோடு அதைச் சேர்த்துவிட்டால் கையில் எதையும் பிடிக்க வேண்டாம். நாம் குதித்தால் டிவிக்குள் இருப்பவனும் குதிப்பான். ஊர் உலகத்தில் அதை வாங்க ஆளில்லாமல், செய்த கம்பெனியே கைகழுவிவிட்டது. சேலத்துக் கடையில் தூசி படிந்து கிடந்ததை இவர் தூக்கி வந்தார். நான் சிரித்தேன்.

"ஏனுங்கண்ணா சிரிக்கறீங்க? விக்காத சாமானெல்லாம் கெட்ட சாமானுங்களா? அதுக்கு ஏத்த ஊடு இன்னும் கெடைக்கல, அவ்வளவுதானுங்க."

ஒரு பனிமூட்டக் காலையில் தோளில் பையோடு அந்தப் பக்கம் போனேன். பழனிசாமி தெருவில் நடுங்கிக்கொண்டு நின்றார். கேமரா முன்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் டிவியில் ஒரு பச்சைக் குச்சி உருவம் வரும். ஆட்கள் வருவதற்கு முன் அதைச் சரிபார்க்க அவர் ஒருவர் மட்டும் நின்றிருக்கிறார். உருவம் இரண்டு வந்திருக்கிறது. இவர் கையைத் தூக்கியதும் ஒன்று தூக்கியது. மற்றது தலையை மட்டும் இவர் பக்கம் திருப்பியது.

"உள்ள ஆருமே இல்லீங்கண்ணா. இருக்கறாங்கன்னு அது சொல்லுது. நான் இனி உள்ள போவ மாட்டேன். கடைய மூடிட்டுச் சேலத்துக்கே எறங்கிடறேனுங்க."

அந்தக் கடையை விட்டால் அவருக்குப் பிழைப்பில்லை. நானோ கரடியூரில் கரடியை முறைத்தே திருப்பி அனுப்பியவன். சந்தேகமிருந்தால் கரடியைக் கேளுங்கள். தனியாக உள்ளே போனேன். வரும்போது கையில் என் மழைக்கோட்டு.

"நேத்து நான் மறந்துட்டுப் போனது, பின்னாடி ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. அதைப் போயி உன் கேமரா ஆளுன்னு எண்ணியிருக்குது சாமி. எடுத்தேன், போயிருச்சு."

பழனிசாமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கோட்டும் உங்களாட்டமேதாங்கண்ணா. இல்லாததை இருக்கறாப்பல காட்டுது!"

அதற்குப் பிறகும் அந்த உருவம் அவ்வப்போது வரும். "ஆரோ கோட்டு மாட்டியிருக்கறாங்க. அதுக்கும் ஒரு டீ போடு சரோஜா" என்பார். திரும்பி ஆணியைப் பார்க்கவே மாட்டார்.

சரோஜாவின் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது டிவிக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்திருந்தார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வந்து பார்த்தப்ப டிவி ஓடிட்டே இருந்துச்சுங்க. அதுல ரெண்டு பேருங்கண்ணா. உங்க கோட்டு ஆணியில இருந்துச்சுங்களா? அவரு பயந்துட்டுப் போகலீங்களே?"

"பயமா, அவனா? என் கோட்டுதாம்மா அது" என்றேன். கோட்டு என் உடம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அழுத கண்ணுக்கு அது தெரியவில்லை.

சரோஜா இப்போது சேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போகும்போது கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டார். பழனிசாமியின் நினைவாக என்னிடம் இருப்பவை அதுவும் அவர் சிரிப்பும்தான். மழைக்கோட்டில் சுற்றி, கண் சுவரைப் பார்க்கும்படி அலமாரியில் வைத்திருக்கிறேன். பிளக்கில் மாட்டவில்லை, மாட்டவும் மாட்டேன். அதற்கு ஏற்ற ஊடு என் ஊடாக இருந்துவிடக் கூடாது.

சரோஜாவுக்கு இதை வாசித்துக் காட்டுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இதில் ஒன்றே ஒன்று நானாகச் சேர்த்தது. அந்தப் பனிமூட்டக் காலையில் ஆணியில் கோட்டு இல்லை. என் பையில் மடித்து வைத்திருந்ததைத்தான் உதறிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் உள்ளே போய் நின்றபோது டிவியில் இரண்டு பேர். ஓடி வரும்போது வாசலில் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் அங்கேயே நின்றிருந்தார்.