இங்கே வாழாத பாம்பு

எங்கள் செருப்புத் தட்டின் அடியில் ஒரு ஜோடி இளஞ்சிவப்பு ரப்பர் செருப்பு இருக்கிறது. மகளுக்கு ஏழு வயதில் வாங்கியது. இப்போது அவளுக்கு என் செருப்பே சரியாக இருக்கிறது. தூக்கிப் போடலாமே என்று கணவர் பலமுறை சொல்லிவிட்டார். அந்த இடதுகால் செருப்பைப் பார்த்தால் இன்றும் எனக்கு எதிர்வீட்டு ஆன்டியின் குரல் கேட்கும்.

மலேசியாவின் பூச்சோங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால், கால்வாயை ஒட்டி ஒரு புற்று உண்டு. செம்பனைத் தோட்டமாக இருந்த காலத்திலேயே அது அங்கே இருந்ததாம். ஆன்டி அதற்குத் தகரக் கூரை போட்டு, மஞ்சள் பூசி, நாகம்மாவாகக் கும்பிட்டு வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் பாலும் முட்டையும் வைப்பார். பூக்கூடை தூக்குவது என் மகள். ஒரு நாள் ஆன்டி எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. “புத்துக்குள்ள சலங்கை சத்தம் கேக்குதும்மா. ஆத்தா வந்துட்டா.”

நானும் போய்க் கேட்டேன். காய்ந்த பயறைத் தகர டப்பாவில் போட்டு வேகமாகக் குலுக்கியதுபோல் இருந்தது. தொலைக்காட்சியில் கேட்ட சத்தம். கிலுகிலுப்பைப் பாம்பாக இருக்குமோ என்றதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அது அமெரிக்கா பாம்பு லா. பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு பூச்சோங் வருமா?” கைப்பேசியில் தேடினேன், அது வாழும் இடங்களின் வரைபடம் வந்தது. அவர் சொன்னது சரிதான். கனடாவின் தெற்கு ஓரத்திலிருந்து அர்ஜென்டினா வரை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே அது வாழ்கிறது. வடக்கே கடுங்குளிர் அதைத் தடுக்கிறது. அடர்ந்த மழைக்காட்டுக்குள் அது அவ்வளவாகப் போவதில்லை. இரண்டு பக்கமும் பெருங்கடல். அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நானும் கூடவே போனேன். ஆன்டி பாலை ஊற்றிக்கொண்டிருந்தபோது, மகள் கூடையை வைத்துவிட்டுச் சலங்கையைக் கேட்கப் புற்று வாயில் காதை வைத்தாள். உள்ளே பயறு குலுங்கியது. நான் வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. ஆன்டிதான் கத்தினார். “ஏய் பாப்பா! சிலிப்பரோடயா ஆத்தாகிட்ட போற? கழட்டுடி!” என்னைவிட ஆன்டியின் ஏச்சுக்குத்தான் அவள் பயப்படுவாள். சட்டென்று நிமிர்ந்து, இடதுகால் செருப்பை உதறி, ஒற்றைக்காலில் பின்னால் தத்தினாள். அவள் காது இருந்த இடத்துக்குப் பழுப்பு நிறத் தலை ஒன்று பாய்ந்து, அதே வேகத்தில் உள்ளே போனது. பிள்ளையை எப்படித் தூக்கினேன், எப்படி வீட்டுக்குள் வந்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

தீயணைப்புப் படையின் பொம்பாக்காரர்கள் வந்து இடுக்கியால் பிடித்தார்கள். வால் நுனியில் கிலுகிலுப்பை. அதே இடுக்கியால் செருப்பையும் எடுத்துத் தந்தார்கள். யாரோ ரகசியமாக வளர்த்துத் தப்பவிட்டிருக்க வேண்டும் என்றார் வனவிலங்கு அதிகாரி. ஒரு பெட்டிக்குள் அடைத்தால் பெருங்கடலும் தடையில்லை. கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். நல்லபாம்புக்கு இங்கே மருந்து இருக்கிறது, இங்கே வாழாத பாம்புக்கு எந்த மருத்துவமனை மருந்து வைத்திருக்கும் என்றார். எனக்குத் தூக்கம் தந்த அதே வரைபடம் என் பிள்ளையைக் கொன்றிருக்கும். ஒன்றுதான் தப்பியதா, இரண்டா என்று கேட்டதற்கு, வளர்த்தவனைப் பிடித்தால்தான் தெரியும் என்றார்.

ஆன்டி கால்வாய்த் திட்டில் உட்கார்ந்துவிட்டார். சொம்பு சாய்ந்து, மிச்சமிருந்த பால் சேலையில் சிந்தியது. “அமெரிக்காக்காரனுக்காம்மா நான் பால் ஊத்துனேன்?” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதன்பிறகு அவர் சலங்கையைப் பற்றிப் பேசியதில்லை. பால் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

போன வருடம் ஆன்டி காலமானார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் என் மகள்தான் விளக்கேற்றுகிறாள். போகாதே என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நான் பின்வாசலில் நின்று, தகரக் கூரையில் சருகு உரசினாலும் திடுக்கிடுகிறேன். அவள் புற்றை நெருங்குகிறாள். அன்று வராத என் சத்தம் இப்போது ஒவ்வொரு வாரமும் தெரு முழுக்கக் கேட்கிறது. “ஏய் பாப்பா! சிலிப்பர எட்டவே கழட்டுடி!”